பனைமரம் முழுகும் ஆழம்

சங்குக்குப்பம்,
பழவேற்காடு.
தை மாதம், கடைசி வெள்ளிக்கிழமை

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டுப் பேரரசின் சக்கரவர்த்தியும், நண்டுக் குலத்தின் நமனும், வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப் பூநாரை காட்டுவதில் ஈரேழு பதினான்கு லோகங்களிலும் புகழ் பரப்பியவனுமாகிய உன் தாய்மாமன் எல்லப்பன், பாய்மரப் படகின் பட்டத்தரசி ஜமுனாவுக்கு எழுதும் திருமுகம். இதைப் படிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும். படகு ஆடினால் உட்கார்ந்துகொள். மன்னித்தோம்.

அந்தமானிலிருந்து போன் செய்தபோது நீ ஒரு வேலை கொடுத்தாய். 'நாங்க கரையில எறங்கின அன்னிக்கி நடந்தத, டீக்கடையில நீ சொல்றா மாதிரியே எழுதி அனுப்பு மாமா. நளினியம்மாவுக்குப் படிச்சிக் காட்டணும்' என்றாய். விசாகப்பட்டினத்துப் படகுப் பட்டறையின் முகவரியும் கொடுத்தாய். அரசர்கள் கல்வெட்டுதான் வெட்டுவார்கள். கல் கிடைக்காததால் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன்.

அன்று காலையில் கடல் எண்ணெய் தடவிய தட்டு மாதிரி கிடந்தது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வெளியே உங்கள் பாய்மரப் படகு 'காவேரி' வெள்ளை வெளேரென்று வந்து நின்றதைப் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு லட்சம் பேர், பொன்னேரியிலிருந்து இரண்டு லட்சம் பேர், ஆந்திராக்காரர்கள் கணக்கில் சேராமல் தனி. கோர்ட்டிலிருந்து கைதியும் நீதிபதியும் ஒரே ஆட்டோவில் வந்ததாகக் கேள்வி. உன் அம்மா முத்தம்மாள் ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தவள், பாதிக் கூடையோடு ஈரப் புடவையோடு மணலில் ஓடி வந்தாள். என் அக்கா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊர்த் தலைவர் தமிழ்வாணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றான். ஞாபகம் இருக்கிறதா? நீ சென்னைக்குப் போய்ப் பாய்ப் படகு ஓட்டப் பழகுகிறாய் என்றதும், 'பொம்பளப் புள்ள பாய் கட்டினா காத்து வருமாடா?' என்று டீக்கடையில் கேட்ட அதே தமிழ்வாணன். அன்றைக்கு அவன் கையில் ரோஜா மாலை.

பிறகு நீங்கள் மூன்று பேரும் ரப்பர் படகில் ஏறி வந்தீர்கள். பெங்களூரில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற, காவேரியின் சொந்தக்காரர் பொன்னப்பா சார் முன்னால், அவர் சம்சாரம் நளினியம்மா நடுவில், சுக்கானில் நீ. முகத்துவாரத்தின் வாயில் கால் வைத்தீர்கள். ஒரே ஒரு அலை. பக்கவாட்டில் எழுந்தது. அடுத்த நொடியில் படகு கவிழ்ந்து நளினியம்மா தண்ணீரில், பொன்னப்பா சார் தண்ணீரில், உன் செல்போன் பாதாள லோகத்தில். வருணபகவான் இந்நேரம் அதில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். தங்கவேல் தன் ஃபைபர் படகில் பாய்ந்து வந்து உங்களைத் தூக்கிப் போட்டான். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். நளினியம்மா உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார். அந்த அம்மாவுக்கு என் ராஜ்ஜியத்தில் பாதி எழுதி வைக்கிறேன் என்று சொல்.

ஒன்று மட்டும். அன்றைக்குக் கடலில் வேறெங்கும் அலையே இல்லை. அந்த ஒன்று தூரத்திலிருந்து உருண்டு வரவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்தது, கீழே யாரோ முதுகை நிமிர்த்தினது போல. தங்கவேல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னாடா என்றேன். 'ஒன்னும் இல்ல மாமா. ஏரி மூச்சு வுடுது' என்றான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உன் அம்மா வைத்த நண்டுக் குழம்பின் வாசனைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ஏற இருந்த ராக்கெட் திரும்பிப் பார்த்ததாம். பொன்னப்பா சார் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார். காரம் என்றார், பாசம் என்று நான் திருத்தினேன். பிறகு டச்சுக்காரர்கள் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். வாசல் தூணில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்ததும் நளினியம்மா இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். இத்தனை பேர் எப்படிச் செத்தார்கள் என்று சார் கேட்டார். நண்டு அதிகமாகத் தின்று என்றேன். அவர்களின் பெரிய கப்பல்கள் எங்கே நின்றன என்று கேட்டார். வெளியே, கடலில்தான், சாமான்கள் எல்லாம் சின்னத் தோணியில் உள்ளே வந்தன என்றேன். அதை மட்டும் நான் பொய் கலக்காமல் சொன்னேன். அவரும் அதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் நடந்ததுதான் சரித்திரம். முகத்துவாரம் எவ்வளவு ஆழம் என்று சார் கேட்டார். தங்கவேல், 'ரெண்டு ஆளு முழுகும் சார்' என்றான். தமிழ்வாணன், 'கப்பலே வரும் சார், மழைத் தண்ணி இப்பத்தான் அறுத்துகினு போயிருக்கு' என்றான். சக்கரவர்த்தி சும்மா இருக்கலாமா? 'பனமரத்த நட்டா ஓலை நனையும்' என்றேன். சார் உன்னைப் பார்த்தார். நீ தலையை ஆட்டினாய். உன் கண்ணில் அப்போது இருந்த வெளிச்சத்தை வைத்துக் கலங்கரை விளக்கத்துக்கே கரண்ட் கொடுக்கலாம்.

அப்படித்தான் முடிவானது. சித்திரையில் திரும்பி வரும்போது காவேரியையே முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் கொண்டுவந்து நிறுத்துவது, அவர்கள் பெங்களூர் போவது, ஆறு மாதம் நீ வீட்டிலிருந்தே படகைப் பார்த்துக்கொள்வது. காலையில் கவிழ்ந்தீர்களே என்று நான் விளையாட்டாகக் கேட்டதற்குச் சார், 'ரப்பர் போட் லைட். காவேரி வெயிட். அலை ஒன்றும் பண்ணாது' என்றார். உன் அம்மா அன்றைக்கே கூரைக்குப் புதுத் தகரம் விசாரிக்கப் போய்விட்டாள்.

உங்களைத் திரும்ப விடப் போனபோது தெற்குப் பக்கத்தில், தண்ணீருக்குள், மஞ்சளாக நீளமாக ஒன்று தெரிந்து மறைந்தது. திமிங்கலம் என்று நளினியம்மாவிடம் சொன்னேன். அவரும் போட்டோ எடுத்துக்கொண்டார். அது மணல். சொல்லிவிடாதே.

சித்திரா பௌர்ணமிக்கு மேளமும் வாணவேடிக்கையுமாக உன்னை எதிர்கொள்ளத் தமிழ்வாணன் இப்போதே கூட்டம் போடுகிறான். எட்டுத் திசைக் காற்றும் உன் பாய்க்குக் கைகட்டிச் சேவகம் செய்யட்டும் என்று ஆணையிட்டு முடிக்கிறேன்.

மாட்சிமை தங்கிய
எல்லப்பன் மாமா


சங்குக்குப்பம்.
பங்குனி, தேய்பிறை

ஜமுனாக் கண்ணுவுக்கு மாமா எழுதுவது.

இந்த முறை பட்டப் பெயர்களை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நீ உட்கார்ந்தே படி.

பட்டறையில் காவேரியைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தி வைத்து, அதன் அடியில் நீ நின்று சிரிக்கும் படத்தைத் தங்கவேல் போனுக்கு அனுப்பியிருந்தாய். அவன் டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினான். நீ கறுத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். தொப்பி நன்றாக இருக்கிறது என்று வேறு யாரோ சொன்னார்கள். படகின் வயிற்றுக்குக் கீழே தொங்குவதை முதலில் பார்த்தது தமிழ்வாணன்தான். 'இன்னாடா இது, சுறாவோட முதுகுச் செட்டைய கழட்டித் தலைகீழா மாட்டிக்கிறாங்கோ' என்றான். எல்லாரும் சிரித்தோம்.

ராத்திரிதான் அந்தச் செட்டையின் நீளம் எனக்கு உறைத்தது.

மறுநாள் தங்கவேல் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். நீ நிமிர்ந்து நிற்கிறாய். அந்த இரும்புச் செட்டை உன் தலைக்கு மேலே எங்கேயோ ஆரம்பித்துத் தரைக்கு ஒரு சாண் மேலே வந்து முடிகிறது. அம்மாடி, அந்தப் படகு தண்ணீரில் இருக்கும்போது அது முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் நிற்கிறது! நாங்கள் யாரும் இதை நினைக்கவே இல்லை. நம் படகுகளுக்கு அடிவயிறு தட்டை. முழங்கால் தண்ணீர் போதும், ஓடிவிடும். ஒருவன் ஆழம் எவ்வளவு என்று கேட்டால், விழுந்தால் கால் எட்டுமா எட்டாதா என்றுதான் எங்கள் வாய் பதில் சொல்லும். ரெண்டு ஆள் என்று தங்கவேல் சொன்னது அப்படிச் சொன்னது. என் பனைமரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது எந்தக் காட்டில் முளைத்தது என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கே கழியை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனேன். நீர் நன்றாக ஏறியிருந்த நேரம். நடுவில் ஓரிடத்தில் கழுத்து. மற்ற இடமெல்லாம் மார்பு, இடுப்பு. தையில் மழைத் தண்ணீர் அறுத்துவிட்டிருந்த வழி இப்போது இல்லை. தெற்கத்திக் காற்று பிடித்ததிலிருந்து கடல் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தெற்குக் கரையிலிருந்து ஒரு மணல் நாக்கு நீண்டு, வாய்க்குக் குறுக்கே படுத்திருக்கிறது. மிச்சமிருக்கும் வழி அரிவாள் மாதிரி வளைகிறது. தையில் நான் நளினியம்மாவுக்குக் காட்டினேனே திமிங்கலம், அது வளர்ந்துவிட்டது.

முகத்துவாரத்தின் சத்தமும் மாறியிருக்கிறது. முன்னெல்லாம் இரைச்சல் ஒரே சீராக இருக்கும். இப்போது யாரோ புதுத் துணியைக் கிழிப்பது போல வருகிறது, நிற்கிறது, மறுபடி கிழிகிறது. கரை நெடுக ஆமைகள் செத்து ஒதுங்கியிருக்கின்றன. காக்கைகூடக் கிட்டே போகாமல் தள்ளியே உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் நடந்ததைக் கேள். தங்கவேல் மத்தியானம் மீன் பிடித்துத் திரும்பி வந்தான். முகத்துவாரத்தில் அவன் படகு மூக்கு மணலில் தட்டி நின்றது. நின்ற மாத்திரத்தில் பின்னாலிருந்து ஒரு அலை. பெரிய அலை இல்லை. நான் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தேன், கண்ணால் பார்த்தேன். படகு திரும்பிக் குறுக்கே விழுந்தது, அடுத்த அலை கவிழ்த்துப் போட்டது. தோள்பட்டை இறங்கிவிட்டது அவனுக்கு. எஞ்சின் போயிற்று. அவனை நாங்கள் இழுத்து வந்தபோது தண்ணீர் எங்கள் இடுப்புக்குத்தான் இருந்தது. முழங்கால் தண்ணீரில் ஓடும் படகுக்கு இந்தக் கதி. உன் காவேரி தட்டினால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார். செட்டை மணலில் சிக்கும், பின்னாலிருந்து அலை தள்ளும், அத்தனை உயரப் பாய்மரம் ஒரு பக்கமாகச் சாயும். உள்ளே நளினியம்மா இருப்பார்.

இதைத்தான் போனில் சொல்ல வந்தேன். நான் வாய் திறக்கும் முன்பே நீ சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். இடுப்பு ஆழம் என்றால், 'பனமரத்த எவன் மாமா வெட்டிகினு போனான்?' என்கிறாய். தங்கவேல் கவிழ்ந்தான் என்றால், 'சரி, பத்தால வகுத்துக்குறேன்' என்கிறாய். உன்மேல் தப்பில்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்த நாளிலிருந்து நான் உனக்குச் சொன்ன இறால் எல்லாம் ஆட்டுக்குட்டி அளவு. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்துக்குச் சிரிக்கத் தெரியாது.

சார் படகில் ஆழம் சொல்லும் மிஷின் இருக்கிறது என்றாய். இருக்கட்டும். அது தன் காலடியில் இருப்பதைச் சொல்லும், முன்னால் இருப்பதைச் சொல்லாது. அது கூவும்போது நீ அலையின் முதுகில் இருப்பாய். அங்கே நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது.

தமிழ்வாணனிடம் சொன்னேன். 'எல்லப்பன் வாயே வத்தாது, மொகத்துவாரம் எப்டிடா வத்தும்?' என்று எல்லார் முன்னாலும் கேட்டான். ஊர் சிரித்தது. பேனர் அடித்து வைத்திருக்கிறான். அதில் காவேரி சின்னதாக, அவன் மூஞ்சி பெரிசாக இருக்கிறது. அவனும் கெட்டவன் இல்லை. பௌர்ணமிக்கு நீர் ஏறும், சரியாகிவிடும் என்று மனசார நம்புகிறான். ஏறும்தான். கழுத்து ஆழம் தலை ஆழமாகும். உன் படகின் செட்டைக்கு அதுவும் போதாது.

உன் அம்மா இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்றாள். 'பொண்ணு ஆறு மாசம் வூட்ல இருக்கப்போறா. நல்ல நேரத்துல உன் வாயக் கழுவுடா' என்றாள். தகரம் போட்டாகிவிட்டது. உனக்கென்று ஜன்னல் பக்கம் கட்டில். அதில் அவள் படுப்பதில்லை, கையால் தடவிவிட்டுப் போகிறாள். எனக்கு மட்டும் உன்னைப் பார்க்க ஆசையில்லையா?

காவேரியை விசாகப்பட்டினத்திலேயே விட்டுவிடுங்கள். இல்லை, சென்னைக்குக் கொண்டுபோங்கள். நீ ரயிலில் பொன்னேரிக்கு வா. மூட்டை தூக்க நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். சாரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு. மாமன் கெஞ்சினான் என்று சொல்ல வெட்கமாக இருந்தால், ஆணையிட்டான் என்று சொல்.

பதிலை எதிர்பார்த்து வழி பார்த்திருக்கும்
எல்லப்பன் மாமா


பொன்னேரி தபால் நிலையம்.
சித்திரை, திங்கட்கிழமை

ஜமுனா,

போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரைவு அஞ்சலில் போட்டால் புதன்கிழமை கிடைத்துவிடும் என்கிறார்கள். பட்டறைக்காரரிடம் தெலுங்கில் பேசினேன். படகு புதன்கிழமை தண்ணீரில் இறங்குகிறது, வியாழன் விடியற்காலை கிளம்புகிறது, பௌர்ணமிக்கு இங்கே வந்துவிடும் என்றார். கடிதம் வந்தால் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ என் போனை எடுப்பதில்லை. கடைசியாக எடுத்தபோது சிரிக்கவும் இல்லை. 'தமிழ்வாணன் அன்னிக்கி சொன்னத்தான இன்னிக்கி நீயும் சொல்ற மாமா? பொம்பளப் புள்ளயால முடியாதுன்னு' என்றாய். ஊர் மொத்தமும் கரையில் நிற்க நீயே சுக்கான் பிடித்து உள்ளே வர வேண்டும் என்றாய். பிறகு வைத்துவிட்டாய்.

அதற்குப் பதில் சொல்கிறேன். உன்னால் முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் படகை அந்த வழியில் யாராலும் கொண்டுவர முடியாது. தங்கவேலால் முடியாது. உன் நைனா உயிரோடு இருந்தால் அவராலும் முடியாது. நாற்பது வருஷமாக இந்த வாயில் போய் வருகிற என்னாலும் முடியாது. கோபம் இருந்தால் இருக்கட்டும். ஆயுசு முழுக்க என்னோடு பேசாமல் இரு. அதற்கு நீ இருக்க வேண்டும்.

ஊரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள், நீ நடுவில் வர வேண்டுமென்று. தையில் வழி இருந்த இடத்தில் நட்டிருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு நடுவே இப்போது மணல்தான் இருக்கிறது. நேற்றுக் காலையில் நான் போய் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். ஊர்க்கூட்டம் போட்டார்கள். அக்கா மகளின் நல்ல பேரைக் கெடுக்கிறான், ஊர்ச் சந்தோஷத்தில் மண் போடுகிறான் என்று நான் பெண் கொடுத்த வீட்டார்கூடப் பேசினார்கள். பௌர்ணமி கழியும் வரை நான் படகு எடுக்கக் கூடாது என்று சொல்லி என் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொடிகளை மறுபடி நட்டாகிவிட்டது. நம்பாதே அந்தக் கொடிகளை.

கூட்டம் முடிந்து வந்தபோது தங்கவேல் வாசலில் நின்றான். கையைத் தூளியில் கட்டியிருந்தான். தன் மச்சானின் படகும் எஞ்சினும் தருகிறேன், தானும் வருகிறேன் என்றான். பௌர்ணமி அன்று விடிந்ததும் நாங்கள் முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே வந்து உனக்காக நிற்கப் போகிறோம்.

அக்கா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். பெட்டியைத் திறந்து, தன் கல்யாணச் சிவப்புப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 'இத்த மூங்கில்ல கட்டு. என் பொண்ணுக்கு இது தூரத்துலயே தெரியும்' என்றாள். பிறகு, 'நானும் வரேன்' என்றாள். பெண்கள் கடல் படகில் ஏறுவது நம் ஊரில் இல்லையே அக்கா, ஊர் ஏற்கெனவே கொதிக்கிறதே என்றேன். 'ஏன், என் பொண்ணு ஏறலயா?' என்று கேட்டாள். ஏரியில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியே பழகாதவள். நீச்சலும் தெரியாது. நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் கிளம்பும்போது அவள் அந்தப் புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள், காற்றில் கிழியக் கூடாதாம்.

கவனமாகப் படி. கடலில் சிவப்புத் துணி தெரிந்தால் அங்கேயே நில். நாங்கள் உன் பக்கத்தில் வருவோம். உன் அம்மா உன் முகத்தைப் பார்ப்பாள். பிறகு நீ சென்னைக்குத் திரும்பிப் போ.

சிவப்புத் துணி தெரியாவிட்டால், முகத்துவாரம் எங்களை வெளியே விடவில்லை என்று தெரிந்துகொள். அப்போதும் திரும்பிப் போ. கரையில் மேளச் சத்தம் கேட்டாலும், கூச்சல் கேட்டாலும், ஜனங்கள் தண்ணீரில் இறங்கி ஓடுவது தெரிந்தாலும் திரும்பிப் போ. நாங்கள் எங்கே என்று பார்க்க மட்டும் உள்ளே வந்துவிடாதே, கண்ணு.

நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

எல்லப்பன் மாமா